பாசிர் கூடாங் வானத்தின் பங்காளிகள்

ஜொகூர் நீரிணையின் வடகரையில், துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த மலேசியாவின் பாசிர் கூடாங் நகரம், 1995 முதல் சர்வதேசப் பட்டத் திருவிழாவினால் கீர்த்தி பெற்றது; அறுவடை முடிந்த வயல்வெளிகளில் மலாய் விவசாயிகள் ஏற்றி மகிழ்ந்த வாவ் என்னும் பட்டத்தின் புராதன மரபு, அங்கே பல தேசத்துக் கலைஞர்களின் பட்டங்களோடு ஒரே காற்றில் கலந்தது.

ஆயினும் அந்த ஆகாயம் பட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக 1928-இல் தொடங்கிய சிலேத்தார் விமான நிலையத்துக்கு வடதிசையிலிருந்து வரும் விமானம், இந்நகரின் மேலாகவே தாழ்ந்து இறங்கவேண்டும். தென் ஜொகூரின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடோ, 1974 ஒப்பந்தப்படி சிங்கப்பூரின் பொறுப்பு. சிலேத்தாருக்குக் கருவிவழி இறங்கும் முறையொன்று 2018 இறுதியில் அறிவிக்கப்பட்டபோது, அதனால் பாசிர் கூடாங்கின் கட்டடங்களுக்கு உயர வரம்பு நேருமென்று ஆட்சேபித்த மலேசியா, 2019 ஜனவரியில் அவ்வான்பகுதியைத் தடைப் பிரதேசமாக்கிற்று. ஏப்ரலில் சமரசம் பிறந்தது: சிங்கப்பூர் அம்முறையைக் கைவிட்டது, மலேசியா தடையை நிறுத்திவைத்தது, துணைக்கோள் வழிகாட்டும் முறைக்கு இருதரப்பும் இசைந்தன.

இத்தகைய இணக்கம் அரசுகளுக்கு மட்டுமன்று, அவ்வானில் பறக்கும் எவருக்கும் வேண்டும்: பட்டத்தின் மெல்லிய நூலும், இயந்திரமின்றி மிதக்கும் பாராகிளைடரும், விரைந்துவரும் விமானியின் கண்ணுக்கு மிகத் தாமதமாகவே புலப்படும் என்பதனால், உயர வரம்பும் முன்னறிவிப்பும் பரஸ்பர சம்மதமும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. வானத்தைப் பகிர்ந்துகொள்வோர் ஒருவர் உயிருக்கு ஒருவர் ஆற்றவேண்டிய தர்மமே அவை.