மஞ்சள் சோறும் முஹ்தஸிபும்

இரத்தினபுரிக் கடைத்தெருவில் காலையில் யாராவது ஒருவர் கல்லொன்றை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த நீலம் பிறவி நீலமா, கேவுடக் கல்லைச் சுட்டு எடுத்த நீலமா? அது தெரியாமல் எங்கட ஊரில் எவரும் காசை நீட்டமாட்டார். அதே ஆள் பகல் வலீமா வீட்டில் சஹனைச் சுற்றி உட்காரும்போது, சோற்றின் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

கேட்டிருக்கிறார்கள், முன்னோர்கள். அரபு நாட்டில் உயர்ந்த மஞ்சள் என்றால் அது குங்குமப்பூ, அதாவது ஸஃபரான். இஹ்ராம் உடையில் ஸஃபரானோ யெமன் நாட்டு வர்ஸ் செடியின் சாயமோ படக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் விலக்கிய செய்தி புகாரியில் உண்டு. அந்த அளவுக்கு அது புழக்கத்தில் இருந்த பொருள். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150,000 பூக்கள் வேண்டும். விலை அப்படி இருந்தால் கள்ளமும் வரும்தானே. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அஷ்ஷைஸரி, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக ஒரு கைந்நூல் எழுதினார். அதில் குங்குமப்பூக் கலப்படத்தைப் புட்டுப்புட்டு வைக்கிறார்: கோழி நெஞ்சு இறைச்சியை அவித்து, நார்நாராகக் கிழித்து, குங்குமப்பூச் சாயம் ஏற்றிக் காயவைத்துக் கலந்துவிடுவார்களாம். சோதனையையும் அவரே சொல்கிறார்: வினாகிரியில் ஊறப்போட்டால் இறைச்சி சுருங்கிவிடும். கல் பார்க்கிற எங்கள் ஊராருக்கு இந்த மனிதரை நிச்சயம் பிடித்திருக்கும்.

ஏழைக்கு எட்டிய மஞ்சள் நம்முடைய கிழங்கு. அரபியில் அது குர்கும். விஞ்ஞானிகள் வைத்த குர்க்குமா என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. 1563இல் கோவாவில் நூல் அச்சிட்ட போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, இதை உள்ளூர்க் குங்குமப்பூ என்ற பெயரிலேயே விவரித்தார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குங்குமப்பூவின் நிறம் தண்ணீரில் கரையும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ வேண்டும். வெயில் பட்டால் வெளிறியும் போகும்.

அந்தப் பலவீனத்தில்தான் தொழிற்சாலைச் சாயம் நுழைந்தது. 1884இல் கண்டுபிடிக்கப்பட்ட டார்ட்ரஸீன் தண்ணீரில் கரையும், இலேசில் வெளிறாது, மலிவு. குங்குமப்பூவின் வடமொழிப் பெயரான ‘கேசர’த்திலிருந்து வந்த ‘கேசரி’யையே பக்கெட்டில் அச்சடித்தும் விற்றார்கள். அளவோடு சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும், சில செயற்கை நிறங்களின் கலவை சிறுவர்களின் துருதுருப்பைக் கூட்டுவதாக 2007இல் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் டார்ட்ரஸீன் உட்பட ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. “பண்டாரி, கலர் கொஞ்சம் கூடப் போடுங்கோ” என்று சொல்வது நாம்தான். பண்டாரியைக் குறைசொல்லிப் பயனில்லை.

2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டதும், அடுத்த வருடம் கொரோனா வந்ததும் நினைவிருக்கும். அரசு கிலோவுக்கு 750 ரூபாய் கட்டுப்பாட்டு விலை வைத்தது. அந்த விலைக்குச் சாமான் கிடைக்கவில்லை. இந்தியக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கள்ளத் தோணியில் வந்தன. கிடைத்த தூளிலோ மாவு கலந்திருந்தது.

மாவாவது வயிற்றுக்குள் போய்விடும். பங்களாதேஷில் நடந்தது வேறு. 1980களின் வெள்ளத்தில் நனைந்த மஞ்சள் நிறம் மங்கியது. வியாபாரிகள் அதை ஈய குரோமேற் என்ற நச்சுச் சாயம் பூசி மினுக்கினார்கள், அதுவே பழக்கமாகிவிட்டது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2019இல் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்த, அரசு சந்தைக்குள் இறங்கித் தண்டம் விதித்தது. அந்த வருடம் 47 வீதமான மாதிரிகளில் இருந்த ஈயக் கலப்படம் 2021இல் பூச்சியமானது.

இதை வாசித்தபோது மதீனாச் சந்தைதான் நினைவுக்கு வந்தது. நபியவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல் ஈரமானது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் சனங்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மழை அங்கும் குற்றமில்லை, வங்காளத்திலும் குற்றமில்லை.

கலப்பில்லாத மஞ்சள் ஆபத்தானதா என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. உலக சுகாதார, உணவு விவசாய நிறுவனங்களின் கூட்டுக் குழு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை குர்குமின் ஏற்கத்தக்கது என்கிறது. 50 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று என்று வைத்தால், அது ஐந்து கிராம் தூள். சோற்றில் நாம் அவ்வளவு தின்பதில்லை. குர்குமின் மாத்திரை வேறு விஷயம். அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியில் இருந்திருக்கிறார்கள்.

2020இல் எங்கள் வளவிலும் கிழங்கு நட்டோம். ஜனவரியில் கிண்டி, அவித்து, காயவைத்து, இடித்தோம். கடைத் தூள் மாதிரி மின்னவில்லை. மண் கலந்த மங்கல் மஞ்சள். அந்த நோன்புப் பெருநாளில் சோறு வெளிறித்தான் இருந்தது. மஞ்சள் போட மறந்துவிட்டீர்களா என்று வந்தவர் ஒருவர் கேட்டார். கல் வியாபாரி அவர்.