மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அறிவு: முதியோர்க்கான உயர்நிலைச் செவிலியர் பயிற்சி

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்குச் சென்னையே முன்னோடி. அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. படிப்பும் வந்தது. செவிலியர் கல்வி அந்த வேகத்தில் வளரவில்லை. இந்திய செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை வகுத்தது. முதியோர்க்கும் அத்தகைய உயர்நிலைப் படிப்பு தேவை. அதன் முதன்மைப் பயிற்சிக்களம் வீடாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதுமையில் நோய் பல நேரம் தன் வழக்கமான அடையாளங்களோடு வருவதில்லை. காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும். நெஞ்சு வலிக்காமல் மாரடைப்பு நேரும். திடீர் மனக்குழப்பம் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வீட்டார் அதை 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். மருந்தே நோயாக மாறுவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ப்பார்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுபவர், எழுந்ததும் அழுத்தம் சரிந்து விழுவார், இடுப்பெலும்பு முறியும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி மருந்துச் சீட்டில் நியாயமாகவே தெரியும். எல்லாச் சீட்டையும் ஒருசேரப் பார்த்து, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தம் அளந்து, கழிப்பறைக்குப் போகும் வழியையும் நோக்குபவருக்கே முழுச் சங்கிலியும் புலப்படும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதன் பயன் பெரிது. ஆனால் மாத்திரையைக் கொண்டுசேர்ப்பது ஒரு வேலை. அது இன்னும் தேவையா என்று ஆராய்வது வேறு வேலை. பின்னதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இப்பயிற்சியால் விளையும் பலனுக்குச் சான்று உண்டு. செவிலியர் ஆய்வாளர் மேரி நெய்லர் குழுவினர் பிலடெல்பியாவில் 363 முதிய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. உயர்நிலைச் செவிலியர் மருத்துவமனையிலேயே திட்டமிட்டு, வீடு வரை தொடர்ந்து கவனித்தவர்களில் 24 வாரங்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டோர் 20.3 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் இருந்தோரிடம் அது 37.1. அமெரிக்க எண்களை அப்படியே இங்கு எதிர்பார்க்க முடியாது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே செவிலியர் பொறுப்பேற்கும் முறையை இங்கும் சோதித்துப் பார்க்கலாம்.

மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் அதிகாரம் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. எனவே செவிலியருக்கு வரையறுத்த அதிகாரம் போதும்: எழுத்திலான நெறிமுறைப்படி ஒரு மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தவும், அன்றே மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யவும் உரிமை. அதுவும் இல்லாவிட்டால், கண்டறிந்த ஆபத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். பதவியும் உடன் உருவாக வேண்டும். படித்து வந்தவரைத் தொகுப்பூதியத்தில் பழைய வார்டுப் பணிக்கே அனுப்பினால் படிப்பு சான்றிதழாகவே நிற்கும். ஆகவே பாடத்திட்டம், வரையறுத்த அதிகாரம், வட்டார அளவிலான பணியிடம் ஆகிய மூன்றையும் ஒரே அரசாணையில் இணைப்பதே பொருத்தம்.