ஆசன இலக்கம் இல்லாத விமானங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில், ஆசன இலக்கம் வழங்கப்படாத உள்நாட்டு விமானம் ஒன்றில் நானும் மனைவியும் பயணம் செய்தோம். புறப்படுவதற்கு 24 மணித்தியாலம் முன்னதாகவே இணையத்தில் வருகையைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்று மருமகன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பத்திரிகைக் காரியாலயத்தில் நாற்பது வருடம் நேரக்கெடுவுக்குள் வாழ்ந்த நான் அதை மறந்துபோனேன். தவறு முழுவதும் என்னுடையது. கடைசிப் பிரிவினருடன் நாம் உள்ளே காலடி வைத்தபோது எஞ்சியிருந்தவை அனைத்தும் நடு ஆசனங்கள். அவையும் ஒன்றுக்கொன்று ஏழெட்டு வரிசை இடைவெளியில் இருந்தன.

என் மனைவிக்கு இடது காது கேட்பதில்லை. ஆங்கில அறிவித்தல்களைக் கேட்டுச் சொல்ல நான் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதை எவரிடமும் நாம் சொல்லவில்லை. விமானத்தின் இடது பக்க வரிசையொன்றில், நடைவழியோரமாக இருந்த முதியவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் இரண்டு பருமனான இளைஞர்களுக்கு நடுவே இருந்த ஆசனத்தில் போய் அமர்ந்துகொண்டார். நன்றி சொல்ல நான் திரும்பியபோது அவர் கண்களை மூடியிருந்தார்.

அந்த முறைமை எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்த மனிதர்தான்.

இலக்கமில்லாத ஆசனத்தை அமெரிக்காவில் பிரபல்யப்படுத்தியவர்களில் முன்னோடி ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ். 1961 ஏப்ரல் 30ஆம் திகதி நியூயோர்க், பொஸ்டன், வொஷிங்டன் நகரங்களுக்கிடையே அது தொடங்கிய 'ஷட்டில்' சேவைக்கு முன்பதிவே கிடையாது. வந்தவர் ஏறலாம், கட்டணத்தை வானத்திலேயே செலுத்தலாம். விமானம் நிறைந்து ஒரேயொரு பயணி எஞ்சினாலும் அவருக்காக இன்னொரு விமானம் கொண்டுவரப்படும் என்பது வாக்குறுதி. கோட்டும் கைப்பெட்டியுமாகத் தனியே செல்லும் அலுவலர்களுக்கான சேவை அது. யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கேள்வி அங்கு பெரிதாக எழவில்லை.

கேள்வி எழுந்தது டெக்சாஸில். ரோலின் கிங் என்ற வர்த்தகரும் ஹேர்ப் கெலஹர் என்ற சட்டத்தரணியும் 1967இல் பதிவுசெய்த நிறுவனம்தான் பின்னாளில் சவுத்வெஸ்ட் எயார்லைன்ஸ் ஆனது. பிரானிப் முதலான போட்டி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்ததால் மூன்றாண்டுகளுக்கு மேலாக அதனால் ஒரு விமானத்தைக்கூடப் பறக்கவிட முடியவில்லை. விவகாரம் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஈற்றில் 1971 ஜூன் 18ஆம் திகதி, டலஸ் நகரின் லவ் பீல்ட் நிலையத்திலிருந்து ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மூன்று போயிங் 737 விமானங்களுடன் சேவை ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் நான்காவது விமானமும் வந்து சேர்ந்தது.

ஆனால் கையில் பணம் இல்லை. 1972இல் அந்த நான்காவது விமானத்தை விற்க வேண்டியதாயிற்று. ஒன்றில் பறப்புகளைக் குறைக்க வேண்டும், அல்லது நான்கு விமானங்களின் வேலையை மூன்றினால் செய்ய வேண்டும். தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மீண்டும் புறப்படச் செய்தால் இரண்டாவது வழி சாத்தியம் என்றார் தரைச் சேவைகளுக்குப் பொறுப்பாயிருந்த பில் பிராங்ளின். செய்தும் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் பயணிகள் இறங்கி, பொதிகள் இறங்கி, புதியவர்கள் ஏறி முடிய வேண்டுமானால், ஆசன இலக்கத்தைத் தேடி நடைவழியில் ஒருவர் நின்று யோசிக்க இடமில்லை. கண்ணில் பட்ட ஆசனத்தில் அமர வேண்டியதுதான். இலக்கமிட்ட பிளாஸ்டிக் அட்டைகளை வாயிலில் கொடுத்து, ஏறும்போது திரும்ப வாங்கி, அடுத்த பறப்புக்கும் அவற்றையே பயன்படுத்தினார்கள். அட்டையில் இருந்த இலக்கம் ஏறும் ஒழுங்குக்கானது, இருக்கைக்கானது அல்ல.

ஏழையின் சிக்கனமாகப் பிறந்தது காலப்போக்கில் கொள்கையாகிவிட்டது. பிற்காலத்தில் நிமிடங்கள் பத்திலிருந்து கூடின. நிறுவனம் செல்வத்திலும் கொழித்தது. ஆசன இலக்கம் மட்டும் வரவில்லை. கணினியுகத்திலும் ஏ, பி, சி என மூன்று கூட்டமாகவே பயணிகளை ஏற்றினார்கள். ஒரே எழுத்துக்குள் முந்தியவருக்கே முதலிடம் என்பதால், மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும், தமக்குப் பதிலாகக் கைப்பையை நிறுத்திவிட்டுத் தரையில் அமர்ந்திருப்பதும் வழக்கமாயின. மாடுகளைப் பட்டிக்கு அழைக்கும் சத்தத்துக்கு இதை ஒப்பிட்டுப் பத்திரிகைகள் கேலி செய்தன. 2006இல் சான் டியாகோவில் ஆசன இலக்கம் வழங்கிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டார்கள். 2007 நவம்பரில் வந்த மாற்றம் வரிசைக்கு மட்டுமே: ஒவ்வொரு எழுத்துக்கும் 1 முதல் 60 வரை இலக்கம். சிறு பிள்ளைகளுடன் வரும் குடும்பத்தினர் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் இடையில் ஏறலாம் என்றாயிற்று.

அந்த இடைவெளியின் பெறுமதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 143 ஆசனங்கள் கொண்ட 737 விமானத்தில் பக்கத்துக்கு மூன்று மூன்றாக ஆசனங்கள். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 48, நடு ஆசனங்கள். நடுவில் அமர எவரும் விரும்புவதில்லை. எனவே விமானம் நிறையும்போது முதல் 95 பேரளவில் யன்னலோரங்களையும் நடைவழியோரங்களையும் நிரப்பிவிடுவர். அதன் பின்னர் வரும் இருவர் சேர்ந்து அமர்வதற்கு வழியே இல்லை, யாராவது ஒருவர் எழுந்து இடம் மாறினாலன்றி. ஏ பிரிவின் 60 பேருக்குப் பின்னால் உடனே ஏறும் தாய்க்கும் பிள்ளைக்கும், குறிப்பாக விமானத்தின் பின்பகுதியில், அடுத்தடுத்த இரு ஆசனங்கள் நிச்சயம் உண்டு. பி பிரிவின் நடுப்பகுதியைத் தாண்டினால் அந்த நிச்சயம் இல்லை.

இந்தக் கணக்கை அனுபவசாலிகள் நன்கறிந்து வைத்திருந்தார்கள். கணவன் யன்னலோரத்திலும் மனைவி நடைவழியோரத்திலுமாக அமர்ந்து, நடுவில் எவரும் வராதிருக்கக் கடவுளை வேண்டுவார்கள். வந்துவிட்டால்தான் தாங்கள் தம்பதியர் என்பது நினைவுக்கு வரும்! வேறு சிலர், 2009இல் 10 டொலர் கட்டணத்துடன் அறிமுகமான முன்னுரிமைப் பதிவைக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வாங்கி, அவரை முன்னே அனுப்பி ஒரு வரிசை முழுவதையும் பிடித்துவைக்கச் செய்வார்கள். இடம் பிடிப்பது சரியா, பிழையா என்பதற்கு விதியென ஒன்றும் இல்லாதபடியால் பிணக்குகளுக்கும் குறைவில்லை. கொழும்பு கோட்டை நிலையத்தில் யாழ்தேவி மேடைக்கு வருமுன்னரே யன்னலூடாகக் கைக்குட்டை எறிந்து இடம் பிடித்த எம்மவர்க்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது. கைக்குட்டைக்கு மரியாதை கொடுத்தவர்களும் உண்டு, அதை எடுத்து முகம் துடைத்துவிட்டு அமர்ந்தவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் இந்த வழக்கம் முன்னதாகவே முடிந்துவிட்டது. ஈசிஜெட் 2012 நவம்பரிலும், ரயன்எயார் 2014 பெப்ரவரியிலும் எல்லாப் பறப்புகளிலும் ஆசன இலக்கம் வழங்கத் தொடங்கின. அதன் பிறகு சண்டை வேறு வடிவம் எடுத்தது. பணம் கொடுத்து ஆசனத்தைத் தெரிவுசெய்யாதவருக்குக் கணினி ஓர் ஆசனத்தை ஒதுக்கும். கூட வந்தவருக்கு எங்கோ இன்னொன்றை ஒதுக்கும். சேர்ந்து இருத்தல் விற்பனைப் பொருளாயிற்று. அமெரிக்காவில் 13 வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய பிள்ளைகள் உடன் வரும் குடும்பத்தவருக்கு அருகில் அமர வழிசெய்யுமாறு 2016இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதற்குக் கட்டணமே அறவிடக் கூடாது என்ற விதியைப் போக்குவரத்துத் திணைக்களம் 2024 ஓகஸ்டில் பிரேரித்தது. குழந்தையின் பக்கத்தில் தாய் அமர்வதற்குச் சட்டம் தேவைப்பட்ட காலம்!

சவுத்வெஸ்டின் முடிவு 2024 ஜூலையில் வெளியானது. தமது பயணிகளில் 80 வீதமானோர் ஆசன இலக்கத்தையே விரும்புவதாகவும், பிற நிறுவனங்களில் பறப்போரிடையே அது 86 வீதம் என்றும் நிறுவனம் அறிவித்தது. அந்தப் புள்ளிவிபரத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அதற்கு முந்திய மாதம்தான் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பெருமளவு பங்குகளை வாங்கி, இலாபம் போதாதென்று நெருக்கத் தொடங்கியிருந்தது. கால் நீட்ட இடமுள்ள ஆசனத்துக்குக் கூடுதலாக அறவிட வேண்டுமானால் முதலில் ஆசனத்துக்கு ஓர் இலக்கம் வேண்டும். 2025 மே 28ஆம் திகதி முதல் பொதிகளுக்கும் பெரும்பாலான பயணிகளிடம் கட்டணம் அறவிடப்பட்டது. 2026 ஜனவரி 27ஆம் திகதி இலக்கமில்லா ஆசனம் முடிவுக்கு வந்தது. கெலஹர் 2019இலேயே காலமாகிவிட்டார்.

நெரிசலையும் தரையில் காத்திருத்தலையும் நான் போற்றவில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் இலக்கமிட்ட ஆசனமே நிம்மதி. ஆனால் தொப்பிக்காரப் பெரியவர் எழுந்து சென்றபோது அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இழந்த ஆசனத்துக்கு அவர் கொடுத்த விலையும் எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை.

அண்மையில் இன்னொரு பயணத்துக்காக மருமகன் கணினியின் முன் அமர்ந்தார். திரையில் விமானத்தின் படம் விரிந்தது. ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு விலை.

"மாமா, மாமிக்குக் கேக்கிற காது எது?" என்று கேட்டார்.

"வலது" என்றேன்.

இடது பக்க வரிசையில் நடு ஆசனத்தை அவருக்கும் நடைவழியோர ஆசனத்தை எனக்குமாகத் தெரிவுசெய்துவிட்டு, கடனட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.