கழிக்கு அக்கரையில் ஒரு மைதானம்

மும்பையின் டிராம்பேக்குக் கிழக்கே தாணே கழி. கரையோரம் அலையாத்திக் காடு, குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம். எதிர்க்கரையில் நவி மும்பை. அங்கே டி.ஒய். பாட்டீல் அரங்கில் 2022 ஜனவரி 20 அன்று, மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியாவும் ஈரானும் கோலின்றி டிரா செய்தன.

இந்திய அணியின் நடுக்கள வீராங்கனைகளில் ஒருவர் கடலூர் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா நாட்களில் பந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சென்னைச் சாலைகளில் முகக்கவசத்தோடு பணியில் நின்றவர். 2018இல் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தார். மணிப்பூரை வீழ்த்துவது அன்று லேசான காரியமல்ல.

மகளிர் கால்பந்து நமக்குப் புதிதுமல்ல. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலேயே இந்தியா இறுதி ஆட்டம்வரை வந்து தைவானிடம் தோற்றது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஐரோப்பாவின் அல்பேனியப் பெண்கள் அணி முதல் பன்னாட்டு ஆட்டம் ஆடியதோ 2011இல்தான்! முந்திக் கிளம்பியவர்கள் நாம். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டோம்.

சாலையில் இந்துமதி எதிர்கொண்ட கொரோனா 2022இல் மைதானத்துக்கும் வந்தது. ஜனவரி 23, தைவானோடு அடுத்த ஆட்டம். களமிறக்கத் தேவையான 13 பேர்கூடத் தேறவில்லை. சொந்த மண்ணில், ஒரே ஆட்டத்தோடு இந்தியா வெளியேறியது.