குழந்தை நோய்க்குறிப்பும் தாயின் சொல்லும்

வளர்ந்த நோயாளி தன் நோயைத் தானே எடுத்துரைக்கின்றான். மருத்துவர் அதனைக் கேட்டு எழுதுகின்றார். குழந்தை மருத்துவத்தில் இவ்வொழுங்கு தொடக்கத்திலேயே மாறிவிடுகின்றது. நோவது பிள்ளைக்கு, சொல்பவள் தாய், எழுதுபவர் மருத்துவர். எழுதப்பட்டது பிழையாயின் அதனை மறுத்துரைக்கும் வாய்ப்பு நோயாளிக்கு இல்லை. பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியில் அமைந்த கெலிஓயா போன்ற ஓரூரிலே இச்சிக்கல் மேலும் ஒரு படி கூடுகின்றது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில், தமிழ் பேசும் தாய் தன் மொழியிலோ, தனக்குத் தெரிந்த அளவு சிங்களத்திலோ பிள்ளையின் நிலையைக் கூறுகின்றாள். மருத்துவக் குறிப்போ ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது.

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் நிகழும் உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளிற் பரவி வருகின்றது. அத்தகைய கருவி மும்மொழி வழங்கும் ஓரூருக்கு வரும்பொழுது தாயின் சொல் குறிப்பில் எவ்வளவு எஞ்சும் என்னும் வினா எழுகின்றது. இவ்வினா புதியதன்று. குழந்தை நோயை எழுதிய ஒவ்வொரு காலத்திலும் அது எழுந்திருக்கின்றது.

தமிழ் மருத்துவ மரபிலே குழந்தை நோய்களைத் தனித்து வகுத்துக் கூறும் பாலவாகடம் என்னும் துறை உண்டு. மாந்தம், கணம், அக்கரம் முதலாக அம்மரபு வகுத்த பெயர்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தாய்மாரின் நாவில் இன்றும் வழங்குகின்றன. ஆங்கில மருத்துவம் இச்சொற்களுக்கு ஒன்றுக்கொன்று நேரான பெயர் வைத்திருக்கவில்லை. "பிள்ளைக்கு மாந்தம்" என்று தாய் கூறும்பொழுது, செரியாமை, வயிற்றோட்டம், காய்ச்சல் ஆகியவற்றுள் எதனைக் கருதினாள் என்பதை மறுபடியும் கேட்டே அறிதல் வேண்டும்.

மேலைநாட்டிலும் குழந்தையின் நோயைத் தனியே நோக்கி எழுதும் வழக்கம் மெல்லவே வேரூன்றியது. 1852ஆம் ஆண்டில் இலண்டன் கிறேற் ஓமண்ட் வீதியிலே பத்துக் கட்டில்களுடன் குழந்தை மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய சார்ள்ஸ் வெஸ்ற் எழுதிய நோயாளர் குறிப்புகள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. பேசாத பிள்ளையின் அழுகை, பார்வை, கிடக்கும் நிலை ஆகியவற்றை மருத்துவர் மொழிபோலக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த பயிற்சியின் அடிப்படை. தாயிடம் கேட்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாகிய இரண்டுமே குழந்தை நோய்க்குறிப்பின் இரு கால்கள் எனலாம்.

இதே நூற்றாண்டில் ஈழத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி தமிழ் மாணவர் நன்கறிந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்தார். 1860களில் தம் வகுப்பை முற்றாகத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்ததோடு கலைச்சொற்களையும் தொகுத்தார். தமிழிற் பயின்றவர் தம் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என்பது அவர் எண்ணம். நோயாளியும் மருத்துவரும் ஒரே மொழியில் நின்று நோயைப் பேசவும் எழுதவும் வழி இருந்த அரிய காலம் அது.

அக்காலத்தில் மலைநாட்டின் நிலை வேறாக இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வதற்கான சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. ஆயின் தோட்ட மருந்துசாலையின் பதிவேடு துரைக்கும் அரசாங்கத்துக்கும் கணக்குக் காட்டுவதற்கானது. அதன் மொழி ஆங்கிலம். தொழிலாளப் பெண் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னது ஒரு வரிப் பெயராகச் சுருங்கி ஏட்டில் ஏறியது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கில வழியிலே தொடங்கியதும், கிறீன் 1873இல் நாடு திரும்பியபின் அவர் முயற்சி தொடராமற் போனதும் இவ்வழக்கையே நாடு முழுவதற்கும் உரியதாக்கின. 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் அமைந்த பின்னரும் மருத்துவத்தின் மொழி மாறவில்லை.

இப்போக்கிற்கு மாறான ஒரு நெறி பொதுச் சுகாதாரத் துறையில் வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதனைப் பின்பற்றி மருத்துவமாது வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனிக்கும் முறை பரவிற்று. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளையின் நிறை, வளர்ச்சி, தடுப்பூசி ஆகியவற்றைக் குறிக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையிலேயே கொடுக்கப்படுகின்றது. அது தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகின்றது. வளர்ச்சிக் கோடு கீழ்நோக்கிச் சரிவதை எழுத்தறிவு குறைந்த தாயும் கண்டுகொள்வாள். நோய்க்குறிப்பு யாரைப் பற்றியதோ அவரிடமே தங்கும் இம்முறை இந்நாட்டுச் சுகாதார வரலாற்றின் சிறந்த பேறுகளுள் ஒன்று.

மருத்துவமனைக் குறிப்போ வேறு திசையில் வளர்ந்தது. 1968இல் அமெரிக்க மருத்துவர் லோரன்ஸ் வீட், நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி எழுதும் முறையை முன்வைத்தார். நோயாளி சொல்வது, மருத்துவர் காண்பது, அவர் துணிவது, செய்யவிருப்பது என நான்காகப் பகுக்கும் இன்றைய வழக்கம் அதிலிருந்து கிளைத்தது. கணினி வந்தபின் இக்குறிப்பு பெருகிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 57 மருத்துவர்களை அவதானித்து 2016இல் வெளியான ஆய்வொன்று, நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் கழிவதைக் காட்டியது. வெஸ்ற் பிள்ளையை நோக்கச் சொன்னார். கணினி மருத்துவரின் கண்ணைத் திரைக்குத் திருப்பியது.

இக்குறையைத் தீர்க்கவே செயற்கை நுண்ணறிவு எழுத்தர் தோன்றியது. அதன் செயல் இரு படிகளைக் கொண்டது. முதலில் ஒலி எழுத்தாகின்றது. பின்னர் மொழி மாதிரியொன்று அவ்வெழுத்தைச் சுருக்கி நோய்க்குறிப்பு வடிவில் அமைக்கின்றது. மருத்துவர் அதனைப் படித்துத் திருத்தி ஏற்றல் வேண்டும். 2023 ஒக்டோபரில் வட கலிபோர்ணியாவின் பெர்மனென்ற் மருத்துவக் குழு இதனைப் பரவலாகப் புகுத்தியது. பத்து வாரங்களில் 3,442 மருத்துவர்கள் 303,266 சந்திப்புகளில் இதனைப் பயன்படுத்தினர். எழுதும் சுமை குறைந்தது, நோயாளியை நோக்கிப் பேச முடிந்தது என்பதே அவர்கள் கண்ட பெரும்பயன். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவை அறிந்தவர் எவரும் இப்பயனைச் சிறிதென்று தள்ளார்.

ஆயினும் இயந்திரத்தின் செவி எல்லா மொழிகளுக்கும் ஒன்றுபோல் அமைந்ததன்று. பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகளுள் பெயர் பெற்ற 'விஸ்பர்' 2022இல் வெளியாயிற்று. அது பயின்ற ஒலிப்பதிவு 680,000 மணி நேரம். அதில் 117,000 மணி ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்குப் பங்கிடப்பட்டது. 125,000 மணி பிறமொழிப் பேச்சை ஆங்கிலமாக்கப் பயிற்றுவது. எஞ்சிய ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். ஆங்கிலத்திலும் அது பிழையற்றதன்று. 2024இல் வெளியான ஆய்வொன்றிலே, எழுத்தாக்கப்பட்ட துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றளவில் எவரும் பேசாத சொற்றொடர்கள் புகுந்திருந்தன. பேச்சிடையே மௌனம் நீளும்போது இப்பிழை மிகுந்தது.

குழந்தை மருத்துவரின் அறையை நோக்கின் இதன் பொருள் விளங்கும். பிள்ளை அழுகின்றது, தாய் பாதி சொல்லி நிறுத்துகின்றாள், பாட்டி இடைமறித்துத் திருத்துகின்றாள், மருத்துவர் சிங்களத்தில் வினவி ஆங்கிலச் சொல்லொன்றை இடையே கூறுகின்றார். "ராத்திரி இழுப்பு வந்தது" என்கின்றாள் தாய். இழுப்பு என்னும் சொல் மூச்சிரைப்பையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். ஒன்று நுரையீரல் சார்ந்தது, மற்றது மூளை சார்ந்தது. அனுபவமிக்க மருத்துவர் "மூச்சு வாங்கினதா, கைகால் வெட்டினதா?" என்று கேட்பார். கேட்கத் தவறினால் இயந்திரம் ஒரு பொருளைத் தானே தெரிந்து, ஐயத்தின் சுவடின்றித் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதிவிடக்கூடும். அவ்வாறு எழுதப்பட்டது அடுத்த மருத்துவருக்கு உண்மையாகின்றது.

மருந்தின் அளவும் அத்தகையதே. குழந்தைக்கு மருந்து நிறையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பரசிற்றமோல் ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் எனக் கொண்டால், பத்துக் கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு ஒருவேளை அளவு 150 மில்லிகிராம். ஆங்கிலத்திற் பதினைந்தும் ஐம்பதும் ஏறத்தாழ ஒலியொத்தவை. தசமப் புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகும். வளர்ந்தவரின் உடல் தாங்கும் பிழையைச் சிறுபிள்ளையின் உடல் தாங்காது.

சட்டமும் இதனைக் கருத்திற் கொண்டுள்ளது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவையும் பிள்ளை பற்றிய தரவையும் சிறப்பு வகையுள் வைத்தது. அறையில் நிகழ்ந்த பேச்சு எங்கே செல்கின்றது, எவ்வளவு காலம் தங்குகின்றது என்பவற்றைத் தாய்க்கு அவள் மொழியிற் சொல்லி இசைவு பெறுதல் இதன் நோக்கோடு பொருந்தும்.

வரலாறு காட்டும் வழிகள் இரண்டு. தோட்டப் பதிவேடு தாயின் சொல்லைச் சுருக்கி அவளிடமிருந்து அகற்றியது. சுகாதாரப் பதிவேடு எழுதியதை அவள் கையிற் கொடுத்தது. இயந்திர எழுத்தர் இவ்விரண்டில் எவ்வழியிலும் செல்லக்கூடும். நோயைக் குறிக்கத் தாய் வழங்கிய சொல் தமிழிலேயே குறிப்பில் இடம்பெறுமாயின், முடிந்த குறிப்பு அவளுக்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டப்படுமாயின், மருத்துவர் தாமே படித்து ஒப்பமிடுவாராயின், அது இரண்டாம் வழியிற் சேரும்.

இதற்கு முன்னோடியாகச் செய்யவேண்டிய பணி ஒன்று தமிழ் மாணவர்க்கு உரியது. மலையகத் தமிழிலும், முஸ்லிம் மக்களின் தமிழிலும், யாழ்ப்பாணத் தமிழிலும் குழந்தை நோய்க்கு வழங்கும் சொற்களை, அவற்றின் பல பொருளோடும் தொகுத்தல் வேண்டும். கிறீன் மானிப்பாயிலே நூலுக்காகச் செய்ததை இன்று இயந்திரத்தின் செவிக்காகவும் செய்யவேண்டியுள்ளது. மருத்துவ பீடமும் தமிழ்த்துறையும் ஒருங்கே அமைந்த பல்கலைக்கழகம் கெலிஓயாவுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. அங்குள்ள தாய்மாரிடமிருந்தே இத்தொகுப்பைத் தொடங்கலாம்.