மேற்பரப்புத் தன்மையும் உராய்வும்

மேற்பரப்புத் தன்மை என்பது ஒரு பொருளின் புறப்பரப்பில் உள்ள மேடுபள்ளங்களின் அளவையும் அமைப்பையும் குறிக்கும். ஒன்றையொன்று தொடும் இரு பரப்புகளுக்கு இடையே நகர்வை எதிர்க்கும் விசை உராய்வு எனப்படும். சொரசொரப்பு மிகுந்தால் உராய்வும் மிகும் என்பது பொதுவான கருத்து. எனினும் இது எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை.

விளக்கம்

உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என 1699இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கியோம் அமொந்தோன் கூறினார். இவ்விகிதம் உராய்வுக் குணகம் ஆகும். மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சிக்குவதே உராய்வின் காரணம் எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. இரு பரப்புகளும் மேடுகளின் நுனிகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன என்றும், அந்நுனிகள் ஒட்டிக்கொள்வதாலும் உராய்வு ஏற்படுகிறது என்றும் 20ஆம் நூற்றாண்டில் பௌடன், டேபர் ஆகியோர் விளக்கினர். இதனால், மிக நுட்பமாக மெருகேற்றிய எஃகுக் கட்டைகள் வழுக்குவதற்கு மாறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அன்றாட வாழ்வில்

* அம்மி: நாட்பட்ட பயன்பாட்டால் அம்மி வழுவழுப்பாகிவிட்டால் அரைபொருள் பிடிப்பின்றி வழுக்கும். எனவே உளியால் கொத்தி மீண்டும் சொரசொரப்பாக்குவர்.

* மரச்சிற்பம்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றவை. பொதுவாக மரவேலையில் முதலில் பருமணல் கொண்ட உப்புத்தாளாலும், பின்னர் நுண்மணல் கொண்ட தாளாலும் தேய்ப்பர். தாளின் எண் கூடக்கூட மணல் நுண்ணியதாகும்.

* மலைச்சாலை: கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை கல்வராயன் மலை மீது ஏறுகிறது. இத்தகைய சாலைகளில் மழைக்காலத்தில் டயரின் வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றி, ரப்பர் சாலையைத் தொட உதவுகின்றன. உலர்ந்த சாலையில் இப்பள்ளங்கள் பிடிப்பைக் கூட்டுவதில்லை. பந்தயக் கார்களில் வரியற்ற டயர்கள் பயன்படுவது இதனாலேயே.

அருவிப் பாறைகள்

கல்வராயன் மலையில் மேகம், பெரியார் முதலிய அருவிகள் உள்ளன. அருவிப் பாறை சொரசொரப்பாக இருந்தாலும், அதன் பள்ளங்களைப் பாசியும் நீரும் நிரப்பிவிடுவதால் பாதம் பாறையைத் தொடுவதில்லை. உராய்வுக் குணகம் 0.6 ஆயின் ஏறத்தாழ 31 பாகைச் சரிவு வரை வழுக்காமல் நிற்கலாம். அது 0.2 ஆகக் குறைந்தால் 11 பாகைச் சரிவே எல்லையாகும். மேலும், இயக்க உராய்வு பொதுவாக நிலை உராய்வை விடக் குறைவு. ஆகவே வழுக்கத் தொடங்கியவர் தாமாக நிற்பது அரிது. பாறையின் தோற்றத்தைக் கொண்டு பிடிப்பை மதிப்பிடுதல் ஆபத்தானது.