மலைக்கோட்டை ஆயுதக் கிடங்கில் இருந்து மாடிப்படி அடியில் கிடக்கும் டிரில்லிங் மிஷின் வரை

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு நண்பர்களே. போர்வீரன் கையில் இருக்கும் வாளும் ஆயுதம்தான், ஆசாரி கையில் இருக்கும் உளியும் ஆயுதம்தான். ஆயுத பூஜை அன்று யாரும் வாளைத் தேடிப் போவதில்லை. ஸ்பேனர், திருப்புளி, டிரில்லிங் மிஷின், பைக் என்று வீட்டில் இருப்பதெல்லாம் வரிசையாக நின்று சந்தனப் பொட்டு வாங்கிக்கொள்ளும்.

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன சரித்திரம் சொல்லலாம் என்று தோன்றியது. கேள்வி இதுதான்: ஆயுதத்தை எங்கே வைப்பது, யார் அதற்குக் கணக்கு வைப்பது? "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டாடா?" என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். கடைசியில் நம்ம அக்கவுண்டன்சி பாடத்தில்தான் வந்து நிற்கும், பாருங்கள்.

மலையில் ஒரு கிடங்கு

எங்கள் பேகம்பூரின் பெயரே ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தை வைத்து வந்தது என்பார்கள். அவருடைய சமாதி இங்கே பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. ஹைதர் அலி மைசூர் ராஜ்ஜியத்தின் சார்பில் 1755ல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே நவீன ஆயுதசாலை ஒன்றை நிறுவினார். பள்ளிக்கூட சரித்திரப் புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. நாமும் மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த ஒரு வரியில் நிறைய இருக்கிறது. ஆயுதசாலை என்றால் ஆயுதம் செய்கிற இடம் மட்டும் இல்லை. பழுது பார்க்கிற இடம், பத்திரமாக வைக்கிற இடமும் அதுதான். வெடிமருந்தில் ஈரம் பட்டால் வீண். ஒரு பொறி பட்டால் கட்டடமே இருக்காது. துப்பாக்கிக் குழல் துருப்பிடித்தால் எதிரியை விட்டுவிட்டுச் சொந்த ஆளையே கொல்லும். அதனால் எந்த நாட்டு ஆயுதக் கிடங்குக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்: ஈரம் படாமல் வை, ஆகாததைப் பிரித்து வை, எண்ணி வை.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கோட்டை கை மாறினால் கிடங்கும் கை மாறும். அங்கே ஆயுதம் என்பது பிடிக்கிறவன் சொத்து இல்லை, அரசாங்கத்தின் சொத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளியின் பை

மலைக்குக் கீழே கதை வேறு. தச்சரோ கொல்லரோ, உளியும் அரமும் சுத்தியலும் அவருடைய சொந்தம். கைப்பிடி அவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். வேலைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போவார், திரும்பி வந்தால் மாடக்குழியிலோ பெட்டியிலோ வைப்பார். அடுத்தவரைத் தொட விட மாட்டார். தனியாகக் கணக்கு நோட்டு எதுவும் தேவையில்லை. ஒன்று குறைந்தால் பையின் கனத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது தொழிற்சாலை. நாம் பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்டில் படிக்கிற எஃப்.டபிள்யூ. டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1898 முதல் 1901 வரை அவர் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பு ஆலையில் இருந்தார். அங்கே கூலிக்காரர்கள் அவரவர் சொந்த மண்வாரியைக் கொண்டுவந்து வேலை செய்தார்கள். டெய்லர் அதை நிறுத்தினார். ஒரு வீச்சுக்கு 21 பவுண்டு எடை வருவதுதான் சரி என்று கண்டுபிடித்து, கனமான இரும்புத் தாதுவுக்குச் சின்ன மண்வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய மண்வாரி என்று 8, 10 வகை செய்து, அவற்றை வைக்கத் தனியாக ஒரு கருவி அறையே கட்டினார்.

அவர் தந்த கணக்கின்படி ஒரு ஆள் ஒரு நாளில் அள்ளியது 16 டன்னில் இருந்து 59 டன் ஆனது. கூலி 1.15 டாலரில் இருந்து 1.88 டாலர் ஆனது. அதாவது வேலை மூன்றரை மடங்குக்கு மேல், கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். 400 முதல் 600 பேர் செய்த வேலையை 140 பேர் செய்தார்கள். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று பரீட்சையில் யாரும் கேட்பதில்லை!

தொழிற்சாலைகளில் வந்த இன்னொரு பழக்கம் பித்தளை டோக்கன். தொழிலாளியின் எண் பொறித்த வில்லையைக் கொடுத்தால்தான் கருவி கிடைக்கும். கருவி தொங்கிய கொக்கியில் அந்த வில்லை தொங்கும். மாலையில் ஸ்டோர்கீப்பர் சுவரைப் பார்த்தால் போதும். எது வெளியே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று சுவரே சொல்லிவிடும். மறுபடியும் மலைக்கோட்டை விதிதான். பிடிக்கிறவன் வேறு, வைத்திருக்கிறவன் வேறு.

மின்சாரம் வந்தது

இங்கேதான் மின்சாரக் கருவிகள் நுழைகின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் கம்பெனி 1895ல் முதல் மின்சாரக் கைத்துளைப்பானைச் செய்தது. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் வைத்த டிரில்லுக்கு 1917ல் காப்புரிமை வாங்கியது. டிரில்லைக் கையில் பிடித்துப் பாருங்கள், துப்பாக்கியேதான். ஆயுதம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? :-)

ரொம்ப நாள் வரைக்கும் இவை தொழிற்சாலைச் சொத்துதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளில் டிரில்கள் அடிக்கடி காணாமல் போயின, தொழிலாளர்கள் வீட்டு வேலைக்கு எடுத்துப் போனார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கும் டிரில் விற்கலாம் என்ற யோசனை வந்ததாம். 1946ல் அதே கம்பெனி வீட்டு உபயோக டிரில்லை விற்கத் தொடங்கியது. இன்று நம்ம ஊரில் கட்டிங் மிஷின் என்று சொல்கிற கிரைண்டரை 1954ல் ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. 1961ல் வயர் இல்லாத பேட்டரி டிரில்லும் வந்துவிட்டது.

கவனித்தீர்களா? ஸ்டோர் ரூமை விட்டுக் கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டோர்கீப்பர் கூட வரவில்லை.

பூட்டு ஊரில் பூட்டாத கருவி

இதை நேரில் பார்க்க திண்டுக்கல்லை விட நல்ல இடம் இல்லை. நம்ம பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு முதல் ஷட்டர் பூட்டு வரை பல வகை. நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகளில் கையால் செய்யப்பட்டவை. லீவர்களை அரத்தால் ராவி ராவிச் சாவிக்கு ஏற்றபடி பொருத்துவதுதான் இந்தப் பூட்டின் உயிர். அலிகாரில் இருந்து வரும் மிஷின் பூட்டோடு விலையில் போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வந்தன.

இப்படி ஒரு பட்டறையில் முதலாளி, தொழிலாளி, ஸ்டோர்கீப்பர் மூவரும் ஒரே ஆள். அரமும் சுத்தியலும் பழையபடி அவர் கைக்குத் தெரியும். டிரில்லும் கிரைண்டரும் அப்படி இல்லை. அவற்றோடு பிட், டிஸ்க், சக் சாவி, கார்பன் பிரஷ், பேட்டரி, சார்ஜர் என்று ஒரு குடும்பமே வருகிறது. சக் சாவி ஒன்று தொலைந்தால் டிரில் வெறும் பொம்மை. அரை நாள் தேடினால் அரை நாள் கூலி போச்சு. அலிகாரோடு போட்டி போடுகிற பட்டறைக்கு அரை நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. உலகத்துக்கே பூட்டுப் போட்ட ஊரில், கருவி பெரும்பாலும் திருட்டால் தொலைவதில்லை. வைக்கிற இடம் என்று ஒன்று இல்லாததால் தொலைகிறது.

மாடிப்படி அடியிலும் பரணிலும் டிரில் வைத்திருக்கும் நம் வீடுகளுக்கும் இதேதான். சரித்திரம் சொல்லிக் கொடுப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்டோர்கீப்பர் இல்லையா? சுவரை ஸ்டோர்கீப்பர் ஆக்குங்கள். ஒரு பலகையில் ஆணி அடித்துக் கருவியை மாட்டி, சுற்றிலும் பெயின்டால் அதன் உருவத்தை வரைந்துவிடுங்கள். வெறும் உருவம் தெரிந்தால் ஆள் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ஜப்பான்காரர்கள் 5எஸ் என்று சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான்: வேண்டாததை நீக்கு, இடம் ஒதுக்கு, துடை, ஒரே முறையாக்கு, விடாமல் செய்.

கனமான மிஷினைப் பரணில் ஏற்றாதீர்கள். இறக்கும்போது தலையில் விழும். இடுப்பு உயரத்தட்டில் வையுங்கள். வயரை மிஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்துவிடும். தளர்வாகச் சுற்றித் தனியாக மாட்டுங்கள்.

கிரைண்டர் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். காலாவதி தேதி இருக்கும். பொதுவாகத் தயாரித்து 3 வருடம். ஈரத்தில் கிடந்த டிஸ்க்கையும் விரிசல் விட்ட டிஸ்க்கையும் தூக்கிப் போடுங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் 4 இன்ச் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் அதுவும் போர் ஆயுதம்தான்.

லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெயில். திண்டுக்கல் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். ரொம்ப நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

இனி நம்ம பாடம்

கம்பெனிகள் சட்டம் 2013ன் மூன்றாம் அட்டவணையில் 'லூஸ் டூல்ஸ்' என்று ஒரு வரி உண்டு. டிரில்லிங் மிஷின் நிலையான சொத்து. அதன் பிட்டுகளும் ஸ்பேனரும் லூஸ் டூல்ஸ், சரக்கிருப்புத் தலைப்பில் வரும். கணக்கில் இரண்டு இடம் என்றால் அலமாரியிலும் இரண்டு இடம் இருக்கட்டும்.

லூஸ் டூல்ஸுக்குத் தேய்மானம் எப்படிப் போடுவோம்? மறுமதிப்பீட்டு முறை. உதாரணத்துக்கு வருட ஆரம்பத்தில் 12,000 ரூபாய்க்குக் கருவி இருந்தது, நடுவில் 3,000க்கு வாங்கினோம், வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 11,000க்குத்தான் இருக்கிறது. தேய்மானம் 4,000. தேய்ந்தது, உடைந்தது, தொலைந்தது எல்லாம் அந்த 4,000க்குள் அடக்கம். ஆனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினால்தான் இந்தக் கணக்கே வரும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவியையும் வெளியே எடுத்து, துடைத்து, வரிசையாக அடுக்கி வைக்கிற நாள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே! விஜயநகரத்து மகாநவமியில் ராஜா தன் படைகளைப் பார்வையிட்டதை 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் எழுதி வைத்திருக்கிறார். ராஜா எண்ணியது யானையும் குதிரையும். நாம் எண்ண வேண்டியது டிரில் பிட்டும் ஸ்பேனரும். பட்டறையில் எந்த மதத்துக்காரர் இருந்தாலும் அன்று பொரி கடலைப் பொட்டலம் எல்லோருக்கும் உண்டு. எண்ணும் வேலையும் அப்படியே பொதுவாக இருக்கலாம்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் வையுங்கள். பொட்டு வாங்கிய ஒவ்வொன்றும் ஒரு வரி. அதற்கு அடுத்த வருடம் எந்த வரிக்குப் பொட்டு இல்லையோ, அதுதான் உங்கள் வீட்டுத் தேய்மானக் கணக்கு.